கண்ணாடிக்குள் சிவப்பு

முதல் புள்ளியைக் கண்டபோது மதுமிதாவுக்குத் தன் கண்மேல்தான் சந்தேகம் வந்தது. கையிலிருந்த கைப்பேசித் திரையை விளக்கடியில் சாய்த்தாள், நிமிர்த்தினாள், மறுபடி சாய்த்தாள். புள்ளி அசையவில்லை. கண்ணாடிக்கும் பசைக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. கடுகில் கால்வாசிகூட இருக்காது. ஆனால் சிவப்பு.

மேலங்கியின் நூல், உதிர்ந்த இமைமுடி, பசையில் எழும்பிய குமிழி என்று எத்தனையோ குறைகளை எடுத்துப் போட்டவள் அவள். அந்த அறைக்குள் சிவப்பைக் கண்டதில்லை. சுவர் வெள்ளை, உடை வெள்ளை, காற்றையே வடிகட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். சிவப்பு எந்த வழியாக வரும்?

ஒரகடத்துப் பக்கம் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் கைப்பேசியின் முகத்தைச் சேர்த்து ஒட்டுகிறார்கள். மேல் கண்ணாடி ஒரு நாட்டிலிருந்து வரும், ஒளிரும் பலகை இன்னொரு நாட்டிலிருந்து வரும், இரண்டையும் சேர்க்கும் பசைத்தாள் மூன்றாவது இடத்திலிருந்து வரும். உள்ளூர்ச் சரக்கு ஒன்றே ஒன்றுதான். கண்ணாடி தன் முறைக்குக் காத்திருக்கும்போது கீறல் விழாமலிருக்க அதன்மேல் ஒட்டி, பசைத்தாளோடு சேர்க்குமுன் உரித்தெடுக்கிற மெல்லிய படலம். அதை அளவாக வெட்டி அனுப்புவது திருப்பருத்திக்குன்றத்தில் இருக்கும் சின்னப் பட்டறை. அதை நடத்துபவன் அபிஷேக், மதுமிதாவின் தம்பி.

மதுமிதா இந்த வேலைக்கு வருமுன் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சமணக் குடும்பம்; புழுவைக் கொன்று எடுத்த துணி என்று அவள் அம்மா பட்டு உடுத்துவதில்லை. "உடுத்தாத வூட்டுப் பொண்ணு உடுத்தறவங்களுக்கு வெலை சொல்லுது" என்று கடையில் கேலி செய்வார்கள். நேராகப் பார்த்தால் தெரியாத இழைக்குறை சாய்த்துப் பார்த்தால் தெரியும் என்பதை அவள் அங்கேதான் கண்டுகொண்டாள். பட்டுக்குச் செய்ததையே பிறகு கண்ணாடிக்கும் செய்தாள். அவள் குறை என்றால் குறைதான் என்று தொழிற்சாலையில் பேராகிவிட்டது.

சிவப்புத் திரையைத் தர மேலாளர் கோதண்டபாணியிடம் நீட்டினாள். ஸ்டிக்கர் பொட்டைக்கூட வாசலிலேயே எடுக்கச் சொல்கிற மனிதர் அவர். பூ, மை, பவுடர் எதற்கும் அனுமதியில்லை.

"செவப்பா? யாருமா லிப்ஸ்டிக் போட்டுக்கினு வந்தது?"

"மாஸ்க்குக்குள்ள லிப்ஸ்டிக் போட்டு யாருக்கு சார் காட்றது?" என்றாள் பக்கத்து மேசை பிரியதர்ஷினி. அவர் சிரிக்கவில்லை.

அடுத்தடுத்த நாள்களில் புள்ளிகள் பெருகின. பெட்டி பெட்டியாகத் திரைகள் ஒதுங்கின. மதுமிதா ஒன்றை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தாள். அரக்குச் சிவப்பு. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி பட்டறைப் பக்கம் போயிருந்தாள். அடுத்த மனையில் புதிதாகச் சாயக் கொட்டகை போட்டிருந்தார்கள். முகூர்த்த மாதம் வருகிறதல்லவா, வேலியோரம் முழுக்க அரக்கு நிறப் பட்டுநூல் காய்ந்துகொண்டிருந்தது.

சாயத்தூள் பறந்து தம்பியின் படலத்தில் ஒட்டியிருக்கிறது என்று கோதண்டபாணியிடம் சொன்னாள்.

"உன் தம்பி சரக்குமா அது. யோசிச்சு சொல்லு."

"யோசிச்சுதான் சார் சொல்றேன். சாயம்தான்."

அன்றே அவனிடம் படலம் வாங்குவதை நிறுத்தினார்கள்; வேறிடத்துப் படலம் வரும்வரை கையிருப்பை வைத்து ஓட்டினார்கள். இந்த வாரத்துக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் அபிஷேக்குக்கு இனி அங்கே இடமில்லை. அவனிடம் வாங்குவது இந்த ஒரு தொழிற்சாலைதான்.

சாயங்காலம் தம்பி போனில் கூப்பிட்டான். "அக்கா, எவனோ சாயம்னு சொல்லிக்கீறான். நீ கொஞ்சம் எடுத்து சொல்லக்கூடாதா?"

"நான்தான்பா சொன்னேன்."

"நீயா? அன்னிக்கு உள்ள வந்தியா நீ? வேலியோட நின்னுட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போனவதானே?" வைத்துவிட்டான்.

அம்மா மதனவதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "பொய் சொல்லாதேன்னுதான் உன்ன வளர்த்தேன்," என்றாள். "தெரியாதத சொல்லுன்னா வளர்த்தேன்?"

வெள்ளிக்கிழமை மதுமிதாவுக்கு இரண்டாம் ஷிப்ட். பொழுது சாய்ந்தபின் அவர்கள் வீட்டில் சாப்பிடும் வழக்கமில்லை. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே டப்பாவைத் திறந்து முடித்துவிடுவாள். "சூரியனுக்கு டூட்டி முடிஞ்சா மதுக்கா வாய்க்கும் லீவு" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் கேன்டீனுக்குப் போனார்கள். ஒட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வடிகட்டி மாற்ற வந்த வசந்த் அதன் மேல்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அறையில் வேறு யாரும் இல்லை.

"மதுக்கா! இங்க வாயேன். சீக்கிரம் வா."

அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. போய் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மூடியின் உட்புறம், கண்ணாடி படுக்கும் தட்டுக்கு நேர் மேலே, மூன்று விரலால் இழுத்த சந்தனம். நடுவில் குங்குமம். சந்தனம் காய்ந்து வெடித்து, குங்குமம் பாதி உதிர்ந்திருந்தது. காற்று வரும் சல்லடைக்குப் பின்னால் ஒரு எலுமிச்சம்பழம், சுண்டிக் கறுத்து, லாரிச் சக்கரத்தடியில் வைப்பதுபோல் ஒடுங்கிக் கிடந்தது.

"நான் இல்லக்கா. எங்கம்மா மேல சத்தியமா நான் இல்ல," என்றான் வசந்த்.

மதுமிதா ஒட்டுத்தாளின் நுனியால் ஒரு துகளைத் தொட்டெடுத்து நுண்நோக்கிக்கு எடுத்துப் போனாள். ஒதுக்கி வைத்த திரையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே சிவப்பு, அதே கரடு. போன மாதம் ஆயுத பூஜைக்கு வைத்தது ஈரம் இருந்தவரை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. காய்ந்ததும் காற்று அதை ஒவ்வொரு துகளாகப் பசைமேல் தூவியிருக்கிறது.

கதவு திறந்தது. கோதண்டபாணி உள்ளே வந்தார். கழன்று கிடந்த மூடியைப் பார்த்ததும் அவர் கால் நின்றுவிட்டது. யாரும் கேட்குமுன்பே அவரே சொன்னார்.

"சந்தனத்த நல்லா கொழைச்சுதாம்மா வெச்சேன். புது மெஷின். வந்ததுலருந்து நின்னு நின்னு போச்சு. பூஜைக்கு மொத நாள் எல்லாரையும் அனுப்பிட்டு... காஞ்சா உதிரும்னு தோணல."

பொட்டை எடு, பூவை எடு என்று வாசலில் நின்று சொன்ன வாய்தானா இது? மதுமிதா அவரையே பார்த்தாள். அவர் குரலைத் தணித்தார்.

"வசந்த், சுத்தமா தொடைச்சிடு. புள்ளி நின்னுடும். படலத்த மாத்தினதால நின்னுச்சுன்னு போவட்டும். உன் தம்பிக்கு வேற எடத்துல நானே சொல்லி விடறேம்மா."

துகள் ஒட்டிய தாளை அவள் அவர் முன் நீட்டினாள். "சார், சாயம்னு சொன்னவ நான். இப்ப போய் குங்குமம்னு சொல்லப் போறேன். யார் வெச்சாங்கன்னு என்னைக் கேட்டா தெரியும்னுதான் சொல்வேன். அதுக்கு முன்னாடி நீங்களே சொன்னா நல்லாருக்கும்."

கோதண்டபாணி கையுறையைக் கழற்றினார். வெறுங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த அறையில் அதுவும் செய்யக்கூடாத காரியம்தான்.

"தொடைக்காத," என்றார் வசந்திடம். "கேமராவ எடுத்துக்கினு வா. எலுமிச்சம்பழமும் தெரியறாப்பல எடு."

மறுநாள் காலை மதுமிதா திருப்பருத்திக்குன்றத்துக்குப் போனாள். வேலியில் அரக்கு நூல் காய்ந்துகொண்டிருந்தது. அபிஷேக் பட்டறை வாசலில் நின்றான்.

"உங்க சார் போன் பண்ணாரு. திங்கக்கெழமலருந்து சரக்கு அனுப்பச் சொன்னாரு. குங்குமமாமே!" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எவன் எவனோ செஞ்சு அனுப்பற கண்ணாடியயெல்லாம் சாய்ச்சு சாய்ச்சுப் பாக்கற. என்னை ஒரு தடவ சாய்ச்சுப் பாத்தியாக்கா?"

"உள்ள வரட்டுமாப்பா?" என்று கேட்டாள்.

அவன் ஆணியிலிருந்து ஒரு குல்லாவை எடுத்து நீட்டினான். "வர்றதுன்னா இதப் போட்டுக்கோ. பொட்ட எடுத்துடு."

பொட்டை உரித்து எங்கே ஒட்டுவது என்று திரும்பியவள் வாசல் நிலையைப் பார்த்தாள். வேலைக்கு வரும் பெண்கள் எடுத்து ஒட்டிய பொட்டுகள், மேலிருந்து கீழாக, புதியதும் பழையதுமாக, நிலை நெடுக. வேலியோரம் நின்ற அன்றைக்கும் அவை அங்கேதான் இருந்திருக்கும். வாசல்வரை வந்திருந்தால் பார்த்திருப்பாள். கீழே ஒரு சின்ன இடம் பார்த்துத் தன்னுடையதையும் ஒட்டிவிட்டு, குனிந்து உள்ளே போனாள்.