பாலமேட்டுக்காரியைத் தேடிய குபேந்திரன்

குபேந்திரன் போய்விட்டார் என்று திருநகரிலிருந்து அவர் மகன் போன் செய்தபோது நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அலுவலக நண்பர்களே, உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா, வாயில் எப்போதும் அந்தப் பழைய படம். கணவனைக் கொல்வதற்காகக் காளையை அவிழ்த்துவிடும் மனைவியின் கதை. உண்மைச் சம்பவம் என்று எடுத்தவுடனே போடுவார்கள். படம் முழுக்க அவளைப் பாலமேட்டுக்காரி என்றே அழைப்பார்கள். கல்லூரி நாளில் அதைப் பார்த்த குபேந்திரன், அவள் முகம் திரையில் வந்தபோது கூட்டத்தோடு சேர்ந்து செருப்பை வீசியவர்.

பல வருஷம் கழித்துப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒருவர், அந்தம்மா காளையை அவிழ்க்கவில்லை, பிடிக்கத்தான் ஓடினாள் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து இவருக்கு நிம்மதி போயிற்று. "உசுரோட இருந்தா நேர்ல பாத்து மன்னிப்புக் கேக்கணும்" என்பார்.

இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் மொபெட்டில் கிளம்பினார். பெண் பார்க்கப் போகிறீர்களா என்று நான்தான் அதிகம் கிண்டல் செய்தேன். எங்கே போகிறார், யாரைக் கேட்கிறார் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, பாலமேட்டில் அப்படியொரு சாவே நடக்கவில்லை என்கிறார்கள் என்று சோர்ந்துபோய்ச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, பாலமேட்டுக்காரின்னா அவ பொறந்த ஊருதான் பாலமேடு. வாக்கப்பட்ட ஊர்லதான் அப்படிக் கூப்பிடுவாக. எங்க ஆத்தாளுக்கே ஊருக்குள்ள உசிலம்பட்டிக்காரின்னுதான் பேரு."

நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரக் குடும்பத்து மனிதருக்கு இது எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

மூன்றே வாரத்தில், அலங்காநல்லூர்ப் பக்கம் அவள் வாழ்க்கைப்பட்ட ஊரைக் கண்டுபிடித்தார். போதையில் காளையை அவிழ்த்தது கணவன்தான். அதை இழுத்துப் பிடிக்க ஓடியவள் கையில் கயிறு இருந்ததைப் பார்த்து ஊர் கதை கட்டிவிட்டது என்று அங்கே ஒரு முதியவர் கண்ணால் கண்டதைச் சொன்னார். மகளோடு அவள் அவனியாபுரத்தில் இருப்பதாக முகவரியும் கொடுத்தார்.

நானும் கூடப் போனேன். கதவைத் திறந்த மகளுக்கு ஐம்பது வயதிருக்கும். உள்ளே சுவரில் மாலை போட்ட படம். அந்தம்மாவின் முப்பதாம் நாள் காரியம் முந்தின வாரம்தான் முடிந்திருந்தது. நாங்கள் சொன்னதையெல்லாம் அவர் நிதானமாகக் கேட்டார்.

"படம் வந்த நாள்லருந்து எங்கம்மா வாசல்ல நின்னு யார்கிட்டயும் பேசுனதில்ல. ஒருத்தர் வந்து 'நீ செய்யலத்தா'ன்னு சொல்லியிருந்தா, அதக் கேட்டுட்டாச்சும் கண்ண மூடிருக்கும்."

செருப்பு வீசியதைச் சொல்லி, அந்த மாலை போட்ட படத்தின் முன் கைகூப்பிக் குபேந்திரன் அழுதார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவில், முதலிலேயே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றேன். "விடுங்க, எனக்கும்தான கேக்கத் தோணல" என்றார். மறுநாள் அலுவலகத்தில் எல்லோரிடமும் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "இவரு மட்டும் இல்லேன்னா அந்த வீட்ட நான் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது."

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெருமை ஒன்றுதான். நண்பர்களே, நீங்களெல்லாம் அன்று கைதட்டினீர்கள். வாயைத் திறக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனதால்தான் அந்தம்மா அதைக் கேட்காமலே போனாள் என்பதை, அவர் உயிரோடு இருந்தவரை உங்களில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.