மறைத்து வைக்கச் சொன்ன சங்கு

செல்போன் பழுது பார்க்கும் கடை என்று போர்டில் எழுதியிருக்கிறேனே தவிர, என்னிடம் வருகிற போன்களில் பாதிக்கு ஒரு பழுதும் கிடையாது. வேண்டாதது உள்ளே நிரம்பிக் கிடக்கும், அவ்வளவுதான். உங்கள் போனையும் எடுத்துப் பாருங்கள். நீங்கள் கேட்காத விளையாட்டு, படிக்காத செய்தி, வாங்காத சாமானை விற்கிற கடை எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். போ என்றால் போகாது. உங்களுக்கும் எனக்கும் ஒரே கதிதான்.

கடை வடசென்னையில், விம்கோ நகரில் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா இதே இடத்தில் மளிகை வைத்திருந்தார். கடையை விட்டு மிளகாய் நெடி போய்விட்டது, 'அண்ணாச்சி' மட்டும் போகவில்லை. என் அப்பா வயதுக்காரர்களும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வேண்டாத ஆப்பை மூன்று விதமாகக் கவனிக்கலாம். அடியோடு எடுத்துவிடுவது ஒன்று. எடுக்க முடியாததை முடக்கிப் போடுவது இன்னொன்று. ஆள் உள்ளேயே இருப்பான், ஆனால் தூங்குவான். மூன்றாவது, மறைத்து வைப்பது. கண்ணுக்குத் தெரியாதே தவிர, ஆள் முழித்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பான். இந்த வித்தியாசத்தைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

கேட்காமல் வந்த குடித்தனம்

கன்னியப்பன் இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் புது போன் வாங்கிக் கொடுத்த மறுநாள், டப்பாவோடு கடைக்கு வந்து சேர்ந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என் புள்ளய நல்லா ஏமாத்திட்டானுங்க அண்ணாச்சி. எவனோ வச்சிருந்த போன தொட்ச்சு குட்த்துகீறானுங்க. உள்ள பாரு, இன்னா இன்னாவோ போட்டு வச்சுகீறான்."

புது போனே இப்படித்தான் வரும், செய்கிறவர்களே போட்டு அனுப்புகிறார்கள் என்று சொன்னேன். நம்பவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். சிலது போயிற்று. பலதில் 'எடு' என்கிற பேச்சே இல்லை, 'முடக்கு' மட்டும்தான் இருந்தது. முடக்கினேன். இரண்டு மூன்று அதற்கும் மசியவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் பார்த்தார். "துட்டு குட்த்தவன் நானு. காலி பண்ண மாட்டேன்னு சொல்றவன் அவன். அப்போ வூட்டு ஓனரு யாரு அண்ணாச்சி?"

தலைமாட்டில் சங்கு

ஏழுமலை நெட்டுக்குப்பத்துக்காரர். இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். போன் நனைந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். அதனால் போன் அவருடையது என்றாலும் அதை ஆள்வது அவர் மனைவி தேசம்மா. அதில் அலை நிலவரம் சொல்கிற ஆப் ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள். அலை உயரும் என்று தெரிந்தால் அது ஆலைச் சங்கு மாதிரி ஊதும். சத்தத்தை முழுக்க ஏற்றி, போனை அவர் தலைமாட்டிலேயே வைத்துவிடுவாளாம்.

"விடியக்காத்தால தோஸ்துங்க கூப்புட வர்ற நேரமா பாத்து ஊதுது. கடலுக்குப் போறவன் காதுல சங்கு ஊதினா நல்லாவா கீது? ஒருத்தன் நாளைக்குப் பாத்துக்கலாம்னு திரும்பிடறான். ஒருத்தன் கொறஞ்சா போட்டே போவாது. ஒரே பேஜாரு" என்றார்.

"அதை தேசம்மாகிட்டயே சொல்லலாமே?" என்றேன்.

"அவ எதுனா பேசினாதான சொல்றதுக்கு? கடலுக்குக் கெளம்புறவன போவாதன்னு தடுக்கக் கூடாது. எங்க வூட்ல அது வழக்கம். எங்க போறன்னுகூட கேக்க மாட்டா. அதான் போன வுட்டு பேச வெக்கிறா." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவ அண்ணன் முகத்துவாரத்துல போட்டு கவுந்து போய்ட்டாரு. அப்பால வந்ததுதான் இந்த ஆப்."

இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அலை எங்கே உயர்ந்தாலும் கரை முழுக்கச் சேர்த்து ஒரே எச்சரிக்கையாக வருமாம். மற்ற போட்டெல்லாம் போகும், இவர் மட்டும் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். "எடுத்துடாத. எடுத்தா அவ மனசு ஒடஞ்சிடும். சொம்மா கண்ணுக்குத் தெரியாம மறைச்சு மட்டும் வை" என்றார். சரி, போன் அவருடையது. மறைத்துக் கொடுத்தேன். சத்தம் அப்படியேதான் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. தொற்றிக்கொண்டே கத்தினார்: "தேசம்மா வந்து கேட்டா ஒன்னும் தெரியாத மாதிரி முழி அண்ணாச்சி, ஒனக்கு அது நல்லா வரும்!"

திறக்காத சாமான்

ராயபுரத்தில் கருவாட்டு மண்டி வைத்திருக்கிற அருள்மேரி அக்கா எங்கள் ஊர்ப்பக்கம். சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்று வந்தவருக்கு, வேண்டாததை எப்படி முடக்குவது என்று நானே சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அடுத்த வாரமே போனைக் கொண்டுவந்து கண்ணாடி மேசைமேல் ணங்கென்று வைத்தார். ஒரு எழுத்துகூட அடிக்க முடியவில்லை, வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் வாயாலேயே பேசி அனுப்ப வேண்டியிருக்கிறது, மண்டி இரைச்சலில் நெத்திலி கேட்டவருக்கு வாளை போகிறது என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். அக்கா முடக்கிப் போட்டவற்றில் எழுத்து அடிக்கிற கீபோர்டும் இருந்தது. "இதை ஏன்க்கா முடக்குனீங்க?" என்று கேட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஒருநாளும் தொறந்தே பாக்காத சாமானுக்கு எதுக்குத் தம்பி கரண்ட் குடுக்கணும்?"

இடம் தெரியாத குரல்

ஆப்பை மறைத்துக் கொடுத்த இரண்டாம் நாளே ஏழுமலை திரும்பி வந்தார். நல்ல காலை நேரம். மீன்பிடிக்கிறவர் அந்த நேரத்தில் கரையில் நிற்கிறார் என்றாலே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

விடியற்காலை நண்பர்கள் வாசலுக்கு வந்த நேரத்தில் சங்கு ஊதியிருக்கிறது. இவர் பாய்ந்து போனை எடுத்திருக்கிறார். நிறுத்தலாம் என்றால் ஆப்பைக் காணோம். இந்தப் பக்கம் தள்ளுகிறார், அந்தப் பக்கம் தள்ளுகிறார், சங்கு மட்டும் நிற்காமல் ஊதுகிறது. நண்பர்கள் மூவரும் சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள். அவர்களில் மூத்தவரான கோவிந்தன், "ஆப்பே இல்லாத போன்ல சங்கு ஊதுதுன்னா, இது ஆத்தா சொல்ற வார்த்த நைனா. நான் வரல" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். மற்றவர்களும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, மறைத்தால் முகம்தான் தெரியாது, வாய் மூடாது என்று விளக்கினேன். போனைக் கொடுங்கள், சத்தத்தை நிறுத்தித் தருகிறேன் என்றேன். போன் தேசம்மாவிடம் இருக்கிறதாம். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து கேட்காமலே வந்துவிட்டார்.

"சங்கு ஊதுனப்ப அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அடுப்பண்ட நின்னுகினு இருந்தா. ஒரு வார்த்த பேசல."

அன்றைக்குக் கடல் எப்படி என்றும் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டார். "பக்கத்து வூட்டுக்காரன் போன வேகத்துல நெத்திலி அள்ளிகினு வந்துட்டான். அவன் மச்சான் போட்டு முகத்துவாரத்துல அலை வாங்கி, இஞ்சின் நனஞ்சு, கட்டி இய்த்துகினு வந்தானுங்க. இப்ப நான் இன்னாத்த நம்பறது, நீயே சொல்லு?"

தேசம்மா

மறுநாள் மத்தியானம் மீன் விற்று முடித்த கையோடு தேசம்மா வந்தாள். காலிக் கூடையைப் படியில் கவிழ்த்துவிட்டு, போனை என் முன்னால் வைத்தாள். சின்ன உருவம். நேராகப் பார்த்துப் பேசுகிற பெண்.

"மறைச்சு வெச்சது நீதான அண்ணாச்சி?"

ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையில் அது நடக்கவில்லை. "வெளியே எடுத்து வச்சிடறேன்மா, ஒரு நிமிஷம்" என்று போனை நோக்கிக் கையை நீட்டினேன். சட்டென்று போனை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். அது வெளிய இருந்தப்போ நான் வெச்ச ஆப்புன்னு எம்மேல கோவம். இப்ப எங்க கீதுன்னே யாருக்கும் தெரியல. கோயிந்தன் நைனாகூட வூட்டுக்குத் திரும்பிப் போறாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. புடவைத் தலைப்பால் போன் கண்ணாடியைத் துடைத்தாள். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"எங்கண்ணன் கெளம்பின அன்னிக்கு அலை செரியில்லன்னு எனக்குத் தெரியும். வாசல்லதான் நின்னுகினு இருந்தேன். வழக்கம்னு வாய மூடிகினேன். அவரு எம்மூஞ்சியப் பாத்துட்டுதான் போனாரு."

எத்தனையோ போன்களைத் திறந்து பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அந்த ஒரு போனைத் தொடக் கை கூசியது. அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். படியில் இறங்கியவள் திரும்பினாள்.

"நான்தான் பேசக் கூடாது, அது பேசலாம். அது எங்க கீதுன்னு மட்டும் அவருக்குக் காட்டிடாத அண்ணாச்சி."

வேண்டாத ஆப் என்று யார் வந்து நின்றாலும், யாருக்கு வேண்டாம் என்று கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் போனைக் கையில் வாங்குகிறேன், வியாபாரம் கொஞ்சம் மந்தம்தான்.