சரஸ்வதி பூசையில் ஒரு இலையுதிர்காலம்

பாரிசில், ரூ காய் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுகிறவன் நான். லீவு நாளில் படம் வரைகிறேன். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள், "அப்ப கடைக்கு ஒரு போர்ட் எழுதித் தருவியோ?" என்றுதான் கேட்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

இலையுதிர்காலம் வந்தால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. விடிய முதல் ரயிலைப் பிடித்து பாரிசுக்கு வெளியே ஒரு மாட்டுப்பண்ணைக்குப் போவேன். பண்ணைக்காரர் அதிகம் பேசமாட்டார். கொட்டிலுக்குப் பின்னால் நின்று வரைய விடுவார். அங்கே உழுத நிலம் ஈரமாக, கறுப்பாகக் கிடக்கும். சீனி எடுக்கும் பீட்ரூட்டை வெட்டித் தெருவோரம் குவித்திருப்பார்கள். பனிப்புகார் கலையும்போது ஒரு வால்நட் மரம் முழு மஞ்சளாக வெளியே வரும். முதல் தடவை கண்டபோது திகைத்துப் போனேன். விழப்போகிற இலைக்கு இவ்வளவு நிறமா! அன்றிலிருந்து அந்த மரம் என்னை விடவில்லை.

போன வருசம் அதை வரைந்த படத்தை, வீட்டுக்குக் கிட்ட உள்ள மண்டபத்தில் நடக்கும் கண்காட்சிக்குத் தெரிவுசெய்தார்கள். இத்தனை காலத்தில் அதுதான் முதல் தடவை. மஞ்சளை அள்ளி அப்பியிருந்தேன். எண்ணெய்ச் சாயம் இலேசில் காயாது என்பதால் படுக்கையறையில் அலுமாரியோடு சாத்தி வைத்திருந்தேன், பிள்ளைகள் யாரும் கிட்டப் போகக்கூடாது என்ற கட்டளையோடு.

சரஸ்வதி பூசையன்று மத்தியானம் கடைக்கு போன் வந்தது. நாளை மறுநாள் கொடுக்க வேண்டிய படத்தை இன்றைக்கே ஆறு மணிக்குள் கொண்டுவர வேண்டுமாம். இல்லாவிட்டால் சுவரில் என் இடம் வேறொருவருக்கு. முதலாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தேன்.

வீட்டில் சாம்பிராணிப் புகை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் பிள்ளைகளின் புத்தகங்கள், மனைவியின் தையல் கத்தரிக்கோல், கார்த் திறப்பு. நடுவில் என் படம். வால்நட் மரத்தின் உச்சியில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமப் பொட்டு. மனைவியைக் கூப்பிட்டேன்.

"இஞ்சேரும், என்ன வேலை பார்த்து வச்சிருக்கிறீர்? சாயம் இன்னும் காயேல்லை!"

"ஏன் கத்துறியள்? தொழில் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் பின்னை?"

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு வருசமும் என் பங்குக்குக் கடைக் கத்தியைத்தான் பூசையில் வைப்பாள். இந்த முறை அதைக் காணவில்லை.

"என்ரை கத்தி எங்கை?"

"அது சம்பளத்துக்கு. இதுதானே உங்கட தொழில். எனக்குத்தான் பிந்தி விளங்கிச்சு."

என் படங்களைப் பற்றி அவள் நல்லதாகவும் கெட்டதாகவும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டை அடைக்கிற சாமான் என்றுதான் நினைக்கிறாள் என்று இருந்தேன்.

மெல்ல போன் விசயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. பூசையில் வைத்ததை விசயதசமி விடிந்த பிறகுதான் எடுக்கலாம். இதில் அவள் கடும் ஆள். திறப்பு பூசையில் இருக்கும்வரை கார் ஓடாது, நாங்கள் எல்லோரும் மெற்றோ ரயில்தான். படம் போகாவிட்டால் எனக்கு இடம் இல்லை. போனால் அவள் வைத்த பூசை கெட்டது. அழுவாள் போலிருந்தது. எனக்கும் அப்படித்தான்.

சரஸ்வதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தொழிலுக்குப் போறதை அவ மறிக்க மாட்டா. எடுங்கோ. பொட்டையும் வழிச்சு எடுங்கோ. நான் பார்க்கேல்லை."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

படத்தைத் தூக்கினேன். சாயம் வழிக்கும் தகட்டைக் கையில் எடுத்தேன். சந்தனம் மஞ்சளோடு கலந்து ஊறியிருந்தது. அந்தப் பண்ணையில் எந்த இலைக்கும் அந்தக் குங்குமச் சிவப்புக் கிடையாது. படத்துக்கு அது பொருந்தவும் இல்லை.

"முடிஞ்சுதோ?" என்றாள், திரும்பாமலே.

"ஓம்" என்றேன். தகட்டைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு, பொட்டு அவளுக்குத் தெரியாதபடி படத்தை என் நெஞ்சுப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.