விசிலடிக்காத குக்கர்

மகளுக்கு அரையாண்டு விடுமுறை. மார்கழிக் குளிரில் நானும் அவளும் வயர் கூடை பின்னிக்கொண்டிருந்தபோது எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையில் குக்கர் விசிலடித்தது. பதறி ஓடி அடுப்பை அணைத்தேன். உள்ளறையில் அப்பா படுத்திருந்தார்.

சின்ன வயதில் தொற்றிய பதற்றம் அது. அப்பா சுரங்கத்தில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவார். நைட் ஷிப்ட் வருகிற வாரம் முழுக்க எங்கள் வீட்டில் குக்கருக்கு லீவு. அம்மா பனங்கிழங்கைப் பானையில்தான் அவிப்பாள். கடுகு வெடிக்கிற சத்தம்கூடக் கேட்கக்கூடாதென்று வாணலியைத் தட்டால் மூடுவாள். பிறகு கூடை பின்னிக்கொண்டே எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் நடக்கிற கதையெல்லாம் என் காதில் கிசுகிசுப்பாள். சிரிப்புத் தாங்காமல் அவள் முந்தானையை இருவரும் வாயில் அடைத்துக்கொள்வோம். அப்பா எழுந்து வந்ததும் கப்பென்று அடங்கிவிடுவோம்.

"தூக்கம் கெட்டுப்போச்சாப்பா?" என்று எட்டிப் பார்த்தேன்.

"நான் எங்கம்மா தூங்குனேன்? பகல்ல எனக்கு என்னிக்குமே தூக்கம் வந்ததில்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்து படுப்பீங்களே, அப்பவுமா?"

"முழிச்சிகினுதான் கெடப்பேன். எழுந்து வந்தா நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறத நிறுத்திடுவீங்களே."