மொட்டை மாடியில் கட்டிய படகு ஆன்டெனா

யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வருகிற ஆள் நான். பயம் இல்லை, அலுப்பு. திருச்சி வாழைக்காய் மண்டியில் விடியாத இருட்டில் லாரியிலிருந்து வாழைத்தார் இறக்கியே பாதி வயது போய்விட்டது, ஒரு பிசாசும் என் தோளைத் தொட்டதில்லை. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் மனைவி சுமதிக்கு ஊர் ஜெகதாப்பட்டினம். அவள் தம்பி முருகேசன் அங்கே சின்ன ஃபைபர் படகு வைத்து மீன் பிடிக்கிறான். ஒருமுறை நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய், செல்போனில் டவரும் இல்லாமல், ராத்திரி முழுக்க மிதந்து கிடந்தான். மறுநாள் வேறு படகுக்காரர்கள் பார்த்து இழுத்து வந்தார்கள். சுமதிக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். "ரேடியோ இல்லாம இனி கடலுக்குப் போனே, நான் உனக்கு அக்கா இல்லடா" என்று சொல்லிவிட்டாள்.

அதனால் அவன் திருச்சிக்கு வந்தான். டவுனில் வயர்லெஸ் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு, சொல்லிவைத்தால் கடல் ரேடியோவும் வரவழைத்துக் கொடுப்பார்கள். நான் கூச்ச சுபாவம், கடைகளில் வாயே திறக்க மாட்டேன். கையில் பிடிக்கிற செட் தூரம் போகாது, படகில் திருகி மாட்டுகிற செட்தான் சரி என்று முருகேசனும் கடைக்காரருமே பேசி முடிவு செய்தார்கள், நான் தலையாட்டினேன். ஆனால் ஆன்டெனா என்று வந்ததும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. இளவட்டத்தில் இலங்கை டிவி எடுப்பதற்காக ஸ்ரீரங்கத்தில் எத்தனை வீட்டு மாடியில் பைப்பு மேல் பைப்பு கட்டி ஆன்டெனா ஏற்றியிருக்கிறேன்! எவ்வளவு உயரமோ அவ்வளவு படம். அதனால் என்னைவிட உயரமான ஒரு வெள்ளைக் கம்பத்தைக் காட்டி, இதுதான் என்றேன்.

"அண்ணே, அது பெரிய போட்டுக்கு. சின்ன படகு ஆடிக்கிட்டே இருக்கும். இது சாஞ்சா சிக்னல் ஒரு தடவை தண்ணிக்குள்ள போவும், ஒரு தடவை வானத்துக்குப் போவும். இந்தக் கை நீளத்துக் கம்பிதான் உங்களுக்கு லாயக்கு" என்றார் கடைக்காரர்.

"மாமா வாயத் தொறக்கிறதே அபூர்வங்க. அவர் சொன்னதையே குடுங்க" என்று முருகேசன் சிரித்தான். நீளக் கம்பத்தையே வாங்கினோம்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவன் ஊருக்குக் கிளம்ப வேண்டும், அதற்கு முன் வேலை செய்கிறதா பார்த்துவிடலாம் என்று சாயங்காலம் எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்து அந்தக் கம்பத்தைக் கட்டினோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. செட்டை ஓட்ட இன்வர்ட்டர் பேட்டரியை மாடிக்குத் தூக்கியதில், ஃபேன் நின்றால் யார் விசிறுவது என்று சுமதி கீழே கத்திக்கொண்டிருந்தாள். கரையில் வைத்துக் கேட்கலாம், பேசக் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பதினாறாம் சேனலில் வைத்தோம், ஆபத்து என்றால் எல்லாப் படகும் அதில்தான் கூப்பிடும். கடல் எங்கே, ஸ்ரீரங்கம் எங்கே, வெறும் இரைச்சல்தான் வந்தது.

முருகேசன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். அப்போது செட்டில் ஒரு குரல்.

"மாமா... மாமா, ஆன்டெனா ஒடிஞ்சிருச்சு மாமா. கேக்குதா?"

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அது முருகேசன் குரல். அவன் என் கண் முன்னால் வாயில் முறுக்கோடு உட்கார்ந்திருக்கிறான், குரல் செட்டுக்குள்ளிருந்து வருகிறது, மூச்சு வாங்குகிறது, பின்னால் தண்ணீர் மோதுகிற சத்தம். பேசக் கூடாது என்பதெல்லாம் மறந்து மைக்கை அழுத்திவிட்டேன். "கேக்குது மாப்ள, சொல்லு" என்றேன். கையை எடுத்தேன். இரைச்சல். அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை.

முருகேசன் முறுக்கைக் கீழே வைத்தான். "என் குரல்தானே மாமா அது?" என்றான். பிறகு கம்பத்தை நிமிர்ந்து பார்த்து, "ஆன்டெனா ஒடிஞ்சா குரல் எப்படி மாமா வரும்?" என்றான்.

மறுநாள் அவன் பஸ் ஏறவில்லை. கடை திறக்கும்போதே போய் நின்று, சின்னக் கம்பி வேண்டும் என்றேன். "நேத்தே சொன்னேனேண்ணே!" என்று கடைக்காரர் சிரித்தார். மாடியில் கட்டும்போது ஒயரை வெட்டிவிட்டதால் நீளக் கம்பத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. முருகேசன் சின்னக் கம்பியோடு ஊருக்குப் போனான்; நீளக் கம்பம் எங்கள் மாடியிலேயே நின்றது, சுமதி அதில் கொடிக்கயிறு கட்டித் துணி காயப்போட்டாள். நாங்கள் கேட்டதை அவளிடம் சொல்லவில்லை.

சில மாதம் போனது. ஒரு நாள் காலை மாடியில் படீர் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அந்தக் கம்பம் நடுவில் ஒடிந்து, ஈரத்துணியெல்லாம் தரையில் கிடந்தது. காற்று இல்லை, பக்கத்து மாடித் துணி ஒன்றுகூட ஆடவில்லை. செட்டில் கேட்ட அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது. முருகேசனுக்கு போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரும்பத் திரும்பப் போட்டேன். "என்னங்க, என்ன மறைக்கிறீங்க? தம்பிக்கு என்ன?" என்று சுமதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானம் வரை அடுப்பு பற்றவைக்கவில்லை.

அப்புறம்தான் அவனே கூப்பிட்டான். காலையில் அலை படகுக்குள் விழுந்து இன்ஜின் முங்கிவிட்டது, படகு பாதி தண்ணீர். ஆனால் சின்ன ஆன்டெனா நின்றது. ரேடியோவில் கூப்பிட்டிருக்கிறான், வேறு படகு வந்து கரைக்கு இழுத்து வந்துவிட்டது. சுமதி போனைக் காதில் வைத்துக்கொண்டே அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். பிறகு போன் என் கைக்கு வந்தது.

"மாமா, அக்கா பக்கத்துல இருக்கா?"

தள்ளிப் போனேன்.

"ரொம்ப நேரம் கூப்பிட்டேன் மாமா, யாரும் பதில் சொல்லல. நம்பிக்கையே விட்டுப் போச்சு. அப்ப உங்க குரல் வந்துச்சு. 'கேக்குது மாப்ள, சொல்லு'ன்னீங்க. அன்னிக்கு மாடில சொன்னீங்கள்ல, அதே மாதிரி. அந்தத் தெம்புலதான் மறுபடி கூப்பிட்டேன், அப்புறந்தான் அந்தப் படகு கேட்டுச்சு."

போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய், ஒடிந்த கம்பத்தை எடுத்துச் சுவரோரம் போட்டேன்.

இப்போது அவன் நன்றாக இருக்கிறான், கடலுக்கும் போகிறான். எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, பிறகென்ன என்று நீங்கள் கேட்கலாம். ஆன்டெனா ஒடிந்துவிட்டது என்று அன்று எங்களைக் கூப்பிட்டவனும் முருகேசன்தானே. நான் பிடிவாதமாக வாங்கிக்கொடுத்த நீளக் கம்பத்தை மாற்றாமல், அதோடேயே கடலுக்குப் போன வேறொரு முருகேசன். அவனுக்கு நான் சொன்ன பதில், சின்னக் கம்பியோடு போன இவனுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அப்படியென்றால் அவனுக்கு யார் பதில் சொன்னார்கள்?

ஒடிந்த கம்பம் இன்னும் மாடியில்தான் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். கொடுக்க மனம் வரவில்லை.