அரண்மனைக்குக் கொடுத்த வீடு

ஜெர்மனியில் நாங்கள் இருந்த நகரத்தில் ஓர் அரண்மனை உண்டு. அதில் அரசர் இல்லை. போரில் குண்டு விழுந்து தரைமட்டமானதை, பழைய படங்களைப் பார்த்து முகப்பை அச்சொட்டாகத் திரும்பக் கட்டியிருந்தார்கள். உள்ளே லிஃப்ட், கண்ணாடிச் சுவர், மாநாட்டு மண்டபம். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது வழிகாட்டிப் பெண் வாசலில் இருந்த உண்டியலைக் காட்டி, பலரும் கொடுத்துத்தான் இதைக் கட்டினோம் என்றாள். எட்டு வயதான எனக்கு அது போதுமாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடும் குண்டு விழுந்துதான் போனது. மிஞ்சியது அந்த வீட்டின் ஒரேயொரு படம். ராணுவம் பிடித்துவைத்திருந்த காணியை விடப்போகிறது, வீடு இருந்ததற்கு ஆதாரம் காட்டினால்தான் அரசாங்க வீட்டுத்திட்டத்தில் பதிவார்கள் என்று தகவல் வந்திருந்தது. ஊருக்குப் போகவிருந்த தன் தங்கையிடம், எசன் நகரத்து மாமியிடம், அப்பா அந்தப் படத்தைக் கடிதவுறையில் போட்டுக் கொடுத்தார். பிரதி எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தின் கெட்டித்தனம் அவ்வளவுதான்.

மாமியின் மகள், என் மச்சாள், பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு ஆல்பத்துக்குப் படமெடுக்க அந்த ஞாயிறு எல்லோரும் அரண்மனைக்குப் போனோம். எங்கள் ஆட்களுக்கு அரண்மனையால் வேறென்ன பிரயோசனம்! மச்சாளின் சேலையைச் சரிசெய்யப் போன மாமி கைப்பையை என்னிடம் தந்தார்.

"கவனமா வச்சிரு பிள்ளை. கொப்பா தந்த படம் உள்ளுக்குக் கிடக்கு."

கவனமாகத்தான் படத்தை உறையிலிருந்து உருவி எடுத்து உண்டியலுக்குள் போட்டேன். வராத அரசருக்கே கட்டுகிறவர்கள், போகத் துடிக்கும் எங்களுக்குக் கட்டமாட்டார்களா? பின்பக்கம் முகவரி எழுத மறந்ததுதான் என் ஒரே கவலை.

பத்து நாள் கழித்து மாமி யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தார். "அண்ணை, உறை வெறுமையாக் கிடக்கு! படம் இல்லாமல் பதிய ஏலாதாம். நாளையோட முடியுதாம்!"

அப்பா அலுமாரியைக் கவிழ்த்துக் கொட்டினார். நான் பெருமையோடு சொன்னேன்: "தேடாதேங்கோ அப்பா. அரண்மனையில குடுத்திட்டன். கட்டித் தருவினம்."

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். உடனே என்னையும் இழுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போனார். உண்டியலை எப்போதோ திறந்து எடுத்துவிட்டார்களாம். வரவேற்பில் இருந்த பெண் மேசை இழுப்பறைகளையெல்லாம் தேடிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டாள்.

வெளியே வந்ததும் அப்பா முற்றத்தில் நின்று முகப்பை அண்ணாந்து பார்த்தார். "இவையள் தங்கட படத்தைப் பத்திரமா வச்சிருந்திருக்கினம்" என்றார்.

எந்த மாதிரி யன்னல் வைக்கலாம் என்று யோசிக்கிறார் என நினைத்தேன்.

"எங்களுக்கு இவ்வளவு யன்னல் வேண்டாமெண்டு சொல்லுங்கோ அப்பா. நாலு காணும்."

"ஓம் பிள்ளை, சொல்லுறன்" என்று என் கையைப் பிடித்தார். வீடு கிடைக்கப்போகிற நேரத்தில் இந்த மனிதர் ஏன் கை நோகிற அளவுக்கு இறுக்குகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.