கருவி வெளியே போகாது

ஆய்வகக் கருவியை வெளியே கொண்டுபோக விண்ணப்பித்தால் ஏழு வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. பணி ஓய்வுக்குப் பிறகு இயற்பியல் முதுகலையில் சேர்ந்த நான் அதை நம்பி விண்ணப்பித்தேன். ஆறு வார ஆய்வுத் திட்டத்தில் தோட்டத்து மண்ணின் கதிரியக்கத்தை அந்தக் கருவியால் அளக்க வேண்டும். முடிக்காவிட்டால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். நான்காம் வாரமும் பதில் இல்லை.

"கேக்காம தூக்கிட்டுப் போங்க அங்கிள். எல்லாரும் அப்படித்தான் லா," என்றாள் கூடப் படிக்கும் பெண்.

"காலமெல்லாம் கவர்மெண்ட் ஆபீஸ்ல இருந்தவன்மா நான். சைன் இல்லாம ஸ்டேப்ளர்கூட நகராது."

விதிகளை மறுபடி படித்தேன். கருவி வெளியே போகத்தான் அனுமதி வேண்டும். மண் உள்ளே வரத் தடை ஏதும் இல்லை. அன்றே கெர்லிங் செம்பனைத் தோட்டத்துக்குப் போய் காலி மைலோ பான டின்களில் மண் அள்ளினேன்.

"பென்சன் எடுத்தவங்க இந்தியாவுக்கு டூர் போறாங்க. நீங்க என்னடான்னா செம்பனை மரத்தடியில தோண்டுறீங்க," என்றாள் காரில் காத்திருந்த மனைவி. "யாராவது பாத்தா புதையல்னு நினைக்கப் போறாங்க."

டின்களை ஆய்வக மேசையில் வைத்து அளந்தேன். திட்டத்தில் தேறினேன். கருவியை எடுத்துச் செல்லலாம், திட்டம் முடிவதற்குள் திருப்பித் தர வேண்டும் என்ற பதில், மதிப்பெண் வெளியான மறுநாள் வந்தது.